நின்னு பாக்குற வேலை, உக்காந்து பாக்குற வேலை, நடுராத்திரிப் பேய்

தினமும் காலையில் கடையைத் திறந்தால் ஏதாவது ஒன்று உடைந்து கிடக்கிறது. புத்தக அலமாரி பிளந்து கிடக்கு, கண்ணாடி டம்ளர்கள் நொறுங்கிக் கிடக்கு, புது சோஃபா மேல யாரோ சொல்லக் கூசுற எதையோ பூசிட்டுப் போயிருக்காங்க. ராத்திரி கேமரா பதிவை ஓட்டிப் பார்த்தால் ஒரு ஈ, காக்கா கூட இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வர்றதுக்குள்ள இதைக் கண்டுபிடிச்சாகணும். அதனால் துணை மேனேஜர் பேசில் ரெண்டு ஊழியர்களைச் சேர்த்துக்கிட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் கடைக்குள்ளேயே காவல் இருக்க முடிவு பண்றார்.

கிரேடி ஹெண்ட்ரிக்ஸ் எழுதிய 'ஹாரர்ஸ்டோர்' இப்படித்தான் ஆரம்பிக்குது. 2014-ல் குவர்க் புக்ஸ் வெளியிட்ட நாவல். கதை நடக்கிற இடம் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து. நம்ம ஆளுங்களுக்கு கிளீவ்லாந்துன்னா 1978-லிருந்து நடக்கிற தியாகராஜ ஆராதனைதான் ஞாபகம் வரும். அதே ஊர்ல கும்பல் கும்பலாகப் பேய் உலாவுற ஒரு ஃபர்னிச்சர் கடையைக் கற்பனை பண்ணிப் பாருங்க.

அந்தக் கற்பனைக் கடைக்குப் பேர் 'ஆர்ஸ்க்'. ஐகியாவைப் பார்த்துக் காப்பியடிச்ச கடைன்னு நாவலே ஒளிக்காமல் சொல்லுது. ஸ்வீடனுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா சோஃபாவுக்கு, அலமாரிக்கு, டம்ளருக்கெல்லாம் வாயில் நுழையாத வடதேசப் பேர் வெச்சிருப்பாங்க. புத்தகத்தின் வடிவமும் அதே கிண்டல்தான். நாவல் மாதிரி இருக்காது, ஃபர்னிச்சர் கேட்டலாக் மாதிரி அகலமாக இருக்கும். உள்ளே கடையின் வரைபடம் இருக்கு, ஆர்டர் படிவம் இருக்கு. ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் ஒரு பொருளின் படமும் அதுக்கான இனிப்பான விளம்பர வரியும் வரும். முதல் சில அத்தியாயங்களில் சோஃபா, மேஜை. போகப் போகப் படத்தில் இருக்கிறது என்னன்னு பார்த்தால் சித்திரவதைக் கருவி! விளம்பரத்தின் குரல் மட்டும் மாறவே மாறாது. அதே புன்னகை, அதே 'உங்கள் இல்லத்துக்கு ஏற்றது'. நான் சத்தமாகச் சிரிச்சது அங்கேதான். முதுகு சில்லிட்டதும் அங்கேதான்.

ஒன்றைச் சொல்லிடறேன். இது பெரியவங்களுக்காக வெளிவந்த நாவல், டீன் ஏஜ் அலமாரிக்காக எழுதினதில்லை. ஆனால் 15, 16 வயசுப் பிள்ளைகள் கையில் இது தானாகப் போய்ச் சேருது. அட்டை அப்படி. எங்க அக்கா பொண்ணு கையில இதைப் பார்த்ததாலதான் இந்த மாசப் பத்தியே. அவளைப் பத்தி அப்புறம் வர்றேன்.

ஐகியா மாதிரிக் கடைக்குப் போனவங்களுக்குத் தெரியும். ஒரு விளக்கு வாங்கப் போவோம். அம்பு போட்ட பாதையில் நடக்க ஆரம்பிச்சால் படுக்கையறை, சமையலறை, குழந்தைகள் அறைன்னு முழு ஊரையும் சுத்தி, ஒன்றரை மணி நேரம் கழிச்சு, விளக்கைத் தவிர மத்த எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வெளியே வருவோம். கடைக்குள் நுழைந்ததும் வந்த வேலை மறந்துபோகிற இந்த மயக்கத்துக்கு 'குரூன் டிரான்ஸ்ஃபர்'னு ஒரு பேரே இருக்கு. விக்டர் குரூன் வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த கட்டடக் கலைஞர். 1956-ல் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல் மாலை வடிவமைச்சவர். முழுக்கக் கூரை போட்டு, உள்ளே குளிர் வெயில் தெரியாமல் கட்டின முதல் மால்களில் அதுதான் பேர் போனது. மக்கள் கூடிப் பேசுற ஊர்ச் சதுக்கம் மாதிரி ஒன்றைத்தான் அவர் மனசில் வெச்சிருந்தார். பின்னாளில் மால்கள் போன போக்கைப் பார்த்து அவரே வெறுத்துப் போனார். ஆனா மயக்கத்துக்கு அவர் பேரே ஒட்டிக்கிச்சு. பாவம்.

ஹெண்ட்ரிக்ஸ் இந்த மயக்கத்தை எடுத்து அடுத்த படிக்குக் கொண்டுபோறார். ஆர்ஸ்க் கட்டின இடத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சிறை இருந்தது. வெறும் சிறை இல்லை, 'பனாப்டிகான்'. இந்தச் சொல் கதையில் வருது, ஆனால் யோசனை நிஜமானது. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 1791-ல் வெளியிட்ட சிறைத் திட்டம் அது. வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவில் காவல் கோபுரம். கோபுரத்தில் இருக்கிறவர் எல்லாரையும் பார்க்கலாம். கைதிக்குத் தன்னை இப்போ பார்க்கிறாங்களா இல்லையான்னு தெரியாது. தெரியாததாலேயே எப்பவும் ஒழுங்காக இருப்பான். நாவலில் அந்தச் சிறையின் தலைவர், பேர் ஜோசையா வொர்த், இதோட இன்னொன்றையும் சேர்க்கிறார்: ஓயாத, பயனில்லாத வேலை கைதியின் மனநோயைக் குணமாக்கும்னு நம்புகிறார். இதுவும் முழுக் கற்பனை இல்லை. இங்கிலாந்துச் சிறைகளில் கைதிகளை மணிக்கணக்கில் மிதிசக்கரம் மிதிக்க வெச்சாங்க, கைப்பிடியை ஆயிரக்கணக்கான தடவை சுத்த வெச்சாங்க. பல இடங்களில் அந்தக் கைப்பிடி எதையும் அரைக்கவும் இல்லை, இறைக்கவும் இல்லை. சுத்துறதுதான் தண்டனை.

பகலில் கடை, ராத்திரியில் சிறை. ரெண்டுக்கும் வரைபடம் ஒன்றுதான். நேர் வழியில் வெளியே போக முடியாத பாதை, எங்கேயும் கேமரா, புன்னகையோட திட்டுற மேலதிகாரி. இதைப் படிக்கும்போது எங்க ஆபீஸ் டாஷ்போர்டு ஒரு தடவை கண் முன்னால் வந்துபோச்சு. யார் எத்தனை டிக்கெட் முடிச்சாங்கன்னு கலர் கலராகக் காட்டும். அதை யாராவது பார்க்கிறாங்களான்னு ஒருத்தருக்கும் தெரியாது. பெந்தம் பார்த்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

கதையின் நாயகி ஏமி. இருபதுகளில் இருக்கிற பெண். வாடகை பாக்கி. மேனேஜர் பேசிலைக் கண்டாலே ஆகாது, ஏன்னா அவர் கம்பெனி கையேட்டைத் திருக்குறள் மாதிரி ஒப்பிக்கிறவர். யங்ஸ்டவுன் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்கா. அவளுக்கு வேலைகளைப் பற்றி ஒரே ஒரு கணக்குதான்: உலகத்தில் ரெண்டே வகை வேலை, நின்னுக்கிட்டுப் பார்க்கிறது, உக்காந்துக்கிட்டுப் பார்க்கிறது. நின்னா மணிக்கூலி, உக்காந்தா மாதச் சம்பளம். எப்படியாவது உக்காருற பக்கம் போயிடணும். அதுக்காக மேல் பதவிப் பரீட்சை எழுதி, தோற்றும் போயிருக்கா.

இந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வெச்சுட்டேன். இது ஒஹையோ பொண்ணோட கணக்கு மட்டுமா? நம்ம வீட்டுக் கணக்கும் இதுதானே. லண்டனில் ராத்திரி ஷிஃப்ட்டில் பெட்ரோல் நிலையக் கல்லாவில் நின்ற யாழ்ப்பாணத்து அப்பாக்கள், டொராண்டோ தொழிற்சாலைகளில் நின்ற அம்மாக்கள். இதைப் படிக்கிற உங்களில் பலரை வளர்த்து ஆளாக்கினது அந்தக் கால்கள்தான். அவங்க நின்னதே நீங்க உக்காரணும்னுதான். ஆகவே 'படிக்கலேன்னா கடையில நிக்க வேண்டியதுதான்'னு நம்ம வீடுகளில் ஒரு மிரட்டல் வழிவழியா வருது. கடையில் நின்னே நம்மைப் படிக்க வெச்ச ஆளே அதைச் சொல்லுவார்! அவர் சொன்னால் அதில் வலி இருக்கும். நாம் அதையே நம்ம பிள்ளைகிட்டச் சொல்லும்போது வலி போயிடுது, இளக்காரம் மட்டும் மிஞ்சுது.

நான் மாஸ்டர்ஸ் படிக்க வந்தப்போ மாணவர் விசாவில் கேம்பஸுக்குள்ளேதான் வேலை, செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும். எனக்குக் கிடைச்சது லைப்ரரிக் கட்டடத்துக்குள்ள இருந்த காபிக் கடை. அம்மாகிட்ட 'லைப்ரரியில வேலைம்மா'ன்னேன். அம்மா தெருவுக்கே சொல்லிட்டாங்க. அவங்க மனசில் நான் ஒரு மர மேஜைக்குப் பின்னால் உக்காந்து ரெஜிஸ்டரில் எழுதிக்கிட்டு இருந்தேன்.

நாவலுக்கு வர்றேன். ராத்திரி ஆக ஆக, அந்தச் சிறைத் தலைவர் ஒரு ஆளின் உடம்புக்குள் புகுந்து வந்துடுறார். வந்தவர் ஏமியை ஒரு நாற்காலியில் உக்கார வெச்சுக் கட்டிப் போடுறார். அதுதான் இந்தப் புத்தகத்தின் உச்சம்னு நான் சொல்வேன். ரத்தம் கொட்டுற இடங்களைவிடப் பயங்கரம் அது. ஏன்னா கொஞ்ச நேரத்தில் ஏமிக்கு அந்த நாற்காலி பிடிச்சுப்போகுது. கால் வலி இல்லை, முடிவு எதுவும் எடுக்க வேண்டாம், போராட வேண்டாம். வாழ்க்கை முழுக்க அவள் கேட்ட வரம் அதுதான்: உக்காருற வேலை! அந்தக் கட்டிலிருந்து அவளை எழுப்புறது எதுன்னு சொல்ல மாட்டேன், படிச்சுக்கோங்க.

ரூத் ஆன் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லணும். நாற்பது தாண்டிய கேஷியர். தனியாக வாழ்றவங்க. அவங்களுக்குக் கடைதான் குடும்பம். வாடிக்கையாளர், கூட வேலை பார்க்கிறவங்க எல்லாருக்கும் அவங்களைப் பிடிக்கும். ஏமி வெறுக்கிற அதே கல்லாவில் நின்னுக்கிட்டு, அதே வேலையைச் செஞ்சுக்கிட்டு, ஒரு மனுஷி நிறைவாக இருக்காங்க. ஹெண்ட்ரிக்ஸ் அவங்களைக் கேலி பண்ணவே இல்லை. எல்லாரையும் கேலி பண்ற புத்தகத்தில் இது பெரிய விஷயம். அவங்களுக்கு நடக்கிறதைப் படிச்சப்போ எனக்கு ஆசிரியர் மேல் கோபமே வந்தது.

இப்போ அக்கா பொண்ணு. 16 வயசு, இந்தக் கோடையில் ஒரு மளிகைக் கடையில் கேஷியர் வேலைக்குச் சேர்ந்தா. அக்காவுக்குப் பிடிக்கவே இல்லை. எனக்கு ஃபோன் போட்டு, "டேய், நாம எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்? இவ போய்க் கல்லாவில நிக்கறதுக்கா? நீயாவது சொல்லுடா"ன்னா. நான் சொல்றதுக்குள்ள பொண்ணு பாதிப் புத்தகம் முடிச்சிருந்தா. "மாமா, எங்க மேனேஜர் அப்படியே பேசில்தான். ஆனா பாவம், அவரும் நின்னுக்கிட்டேதான் இருக்கார்"ன்னா.

அவகிட்டதான் ஒரு கேள்வி கேட்டேன்: "உங்க கல்லாவில உக்கார நாற்காலி இருக்கா?" இல்லையாம். கேட்டுப் பார்த்தாளாம். உக்காந்தா வாடிக்கையாளர் சோம்பேறின்னு நினைப்பாங்கன்னு பதில் வந்ததாம். "ஸ்கேன் பண்றது கைதானே மாமா, கால் எதுக்கு?" இவ்வளவு நேரான கேள்விக்கு ஒரு எஞ்சினியரால் பதில் சொல்ல முடியலை.

ஆனால் ஊரில் ஒரு பதில் இருக்கு, அதை அவளுக்குச் சொன்னேன். கல்யாணப் பட்டு எடுக்க தி. நகர் போயிருக்கோமே, நாம தரையில் பாயில உக்காந்து புடவைகளைப் பிரிக்கச் சொல்லிக்கிட்டே இருப்போம், மத்தத் தளங்களில் பொண்ணுங்க காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பாங்க. அவங்களுக்கு உக்கார உரிமை வேணும்னு கேரளாவில் 2018-ல் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏன்னு ஒரு புதுப் பிரிவு சேர்த்தாங்க: ஊழியர்கள் வேலை நேரத்தில் வாய்ப்பு கிடைக்கும்போது உக்காருவதற்குக் கடைக்காரர் இருக்கை வசதி செய்து தரணும். எல்லாக் கடையிலும் நடைமுறைக்கு வந்திருச்சான்னா, அடுத்த தடவை போகும்போது நீங்களே சுத்திமுத்திப் பாருங்க. இந்த உலகத்தை ஏற்கெனவே நம்ம சினிமா காட்டியிருக்கு: வசந்தபாலனின் 'அங்காடித் தெரு', 2010. பேய் இல்லாத 'ஹாரர்ஸ்டோர்'னு சொன்னால் தப்பில்லை. சிரிப்பு மட்டும் அதில் குறைவு. பொண்ணுக்கு சப்டைட்டிலோட போட்டுக் காட்டினேன். படம் முடிஞ்சதும் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அம்மாவுக்கு இதைக் காட்டினீங்களா?"ன்னு கேட்டா.

அக்கா இன்னும் சமாதானம் ஆகலை. ஷிஃப்ட் முடிஞ்சு பொண்ணு வந்தா வாளியில் வெந்நீர் வெச்சு, கல்லுப்பு போட்டு, காலை முக்கச் சொல்றா. வேலையை விடச் சொல்றதை மட்டும் இப்போ நிறுத்தியிருக்கா.

பிள்ளைகளை வேலைக்கு அனுப்புற எண்ணம் இருந்தால் அமெரிக்காவில் இருக்கிறவங்க ஒரு சட்டத்தைத் தெரிஞ்சுக்கணும். கூட்டரசுச் சட்டப்படி 14, 15 வயசுக்காரங்க பள்ளி நாளில் 3 மணி நேரத்துக்கு மேலயும், பள்ளி நடக்கும் வாரத்தில் 18 மணி நேரத்துக்கு மேலயும் வேலை செய்யக்கூடாது. ராத்திரி 7 மணியைத் தாண்டக் கூடாது, கோடையில் மட்டும் 9 வரைக்கும். 16 ஆயிட்டால் இந்த மணிக்கணக்குக் கட்டுப்பாடு கூட்டரசுச் சட்டத்தில் இல்லை, பல மாநிலங்கள் தனியாக வெச்சிருக்கு. கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிக்குது. பேய் மாதிரி அசையவே இல்லை. இந்த நம்பர் தெரிஞ்சால் ஏமிக்கு ஏன் வாடகை பாக்கின்னு புரியும்.

சரி, எந்த வயசுக்கு? 'ஹாரர்ஸ்டோர்' 15 வயசுக்குக் கீழே வேண்டாம். கெட்ட வார்த்தை தாராளம், உடம்பைச் சிதைக்கிற காட்சிகள் ரெண்டாம் பாதியில் நிறைய. ராத்திரி தூக்கத்தில் உளறுற பிள்ளை என்றால் 17 வரைக்கும் தள்ளிப் போடுங்க. முதல் பாதியில் வர்ற கம்பெனி நக்கல் வேலை பார்த்த பிள்ளைக்குத்தான் முழுசாகப் புரியும். அதனால் முதல் வேலைக்குச் சேர்ந்த பிறகு கொடுக்கிறது நல்லது.

அதைவிடச் சின்னப் பிள்ளைக்கு, டீன் ஏஜ் அலமாரிக்குள்ளேயே இதே ருசியில் ஒன்று இருக்கு: லிஷ் மெக்பிரைடின் 'ஹோல்ட் மீ க்ளோஸர், நெக்ரோமான்சர்', 2010. காலேஜைப் பாதியில் விட்ட சாம், சியாட்டிலில் ஒரு பர்கர் கடையில் வேலை பார்க்கிறான். வேலை நேரத்தில் கார் நிறுத்துற இடத்தில் உருளைக்கிழங்கை வெச்சு ஹாக்கி விளையாட, கிழங்கு போய் ஒரு விலையுயர்ந்த காரின் விளக்கை உடைக்குது. கார் சொந்தக்காரர் செத்தவங்களை எழுப்புற மந்திரவாதி. சாமுக்கும் அந்தச் சக்தி பிறவியிலேயே இருக்கிறது அவனுக்கே தெரியாது. கொஞ்ச நாளில் ஒரு பெட்டி வருது, அதில் கூட வேலை பார்த்த பெண்ணின் தலை. தலை பேசும், அதுவும் செம நக்கலாகப் பேசும். கேட்க கொடூரமாக இருந்தாலும் தொனி லேசானது. ஓநாய்க் கூட்டத்துப் பெண் ஒருத்தி கூண்டில் அடைபட்டு வர்றா, அவளுக்கும் சாமுக்கும் கொஞ்சம் காதல் உண்டு, அதையும் முன்கூட்டியே சொல்லிடறேன். 14 வயசுக்கு மேல் கொடுக்கலாம். கடை வேலை பற்றி 'ஹாரர்ஸ்டோர்' யோசிக்கிற அளவுக்கு இது யோசிக்கலை. ஆனா படிப்பை விட்ட பையனை உருப்படாதவன்னு ஒரு இடத்திலும் சொல்லலை. அவன் அம்மாவும் சொல்லலை. நம்ம வீடுகளில் இதுவே கற்பனைக் கதை மாதிரிதான் இருக்கும்.

'ஹாரர்ஸ்டோரை' எடுத்தால் தயவுசெஞ்சு காகிதப் புத்தகமாகவே எடுங்க. கேட்டலாக் வடிவம் ஃபோன் திரையில் தெரியாது, பாதி நகைச்சுவை அதில்தான் இருக்கு. நூலகத்தில் எடுத்தீங்கன்னா உள்ளே இருக்கிற ஆர்டர் படிவத்தில் யாராவது பேனாவால் நிரப்பி வெச்சிருக்காங்களான்னு பாருங்க. நான் எடுத்த பிரதியில் ஒரு குழந்தைக் கையெழுத்து, அந்தச் சித்திரவதை நாற்காலியை ரெண்டு ஆர்டர் பண்ணியிருந்தது.